சுவர் சொல்வதும் தரை சொல்வதும்

பிரான்சின் தென்மேற்கில் மோன்தின்யாக் என்ற சிற்றூரை ஒட்டிய குன்றுக்குள் இருக்கிறது லாஸ்கோ குகை. 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் ஒரு பொந்துக்குள் இறங்கியதில் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. வண்ணம் தீட்டிய உருவங்கள் மட்டும் சுமார் 600. கல்லால் கீறி வரைந்தவை அதைவிடவும் அதிகம். குதிரைகள்தாம் முதலிடம், அடுத்து மான்கள், இன்று பூண்டோடு அற்றுப்போன காட்டுமாடுகள், காட்டெருமைகள், மலையாடுகள். தீட்டியவர்கள் அங்கே தின்று போட்ட எலும்புகளும் குகைத் தரையில் கிடைத்தன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு பனிமானின் எலும்பு. சுவரில் பனிமான் எத்தனை? உறுதியாக அடையாளம் காணத்தக்கது ஒன்றே ஒன்று.

பாறை ஓவியங்களைப் பற்றிய எந்தப் பேச்சையும் இந்தக் கணக்கின் முன்னால் நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. பாடநூல்களும் சுற்றுலாத் தலங்களின் அறிவிப்புப் பலகைகளும் ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்கின்றன: ஆதிமனிதர் தம் அன்றாட வாழ்க்கையைப் பாறையில் வரைந்து வைத்தார்கள், அதைப் பார்த்து நாம் அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்கிறோம். லாஸ்கோவில் வரைந்தவர்களின் அன்றாட வாழ்க்கை பனிமானை நம்பி ஓடியது. இறைச்சியும் உடுக்கத் தோலும் கருவிக்குக் கொம்பும் அதிலிருந்துதான். அந்த விலங்கைத்தான் அவர்கள் வரையாமல் விட்டார்கள். செடியில்லை, மரமில்லை, ஆறில்லை, குடிசையில்லை, சூரியனும் இல்லை. மனித உருவமோ, குழிபோன்ற ஓர் ஒதுக்கத்தில், குடல் சரிந்த காட்டெருமைக்கு எதிரே குச்சிக்கோடுகளாய் விழுந்து கிடக்கும் பறவைத்தலை மனிதன் ஒருவன் மட்டுமே. எலும்பு கிடைக்காமல் சுவர் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால், இவர்கள் குதிரை தின்று வாழ்ந்தவர்கள் என்று கூசாமல் எழுதியிருப்போம்.

உண்மையில் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதவும் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியை ஆண்டது வேட்டை மந்திரம் என்ற கொள்கை. 1903இல் சலொமோன் ரெய்னாக் அதற்கு வடிவம் கொடுத்தார். ஸ்பென்சரும் கில்லனும் நடு ஆஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி எழுதியிருந்த நூல் அவர் கைக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. விலங்கு பெருகவும் வேட்டை பலிக்கவும் அங்கே சடங்குகள் செய்கிறார்கள். ஐரோப்பியக் குகையிலும் அதுவே நடந்திருக்கும் என்றார். குகை ஓவியங்களைப் பிரதியெடுப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த ஆன்ரி ப்ரய் என்ற பாதிரியார் அதை ஏற்றுப் பரப்பினார். கொள்கையின் வேர் பிரெஞ்சுக் குகையில் இல்லை, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து கடன் வாங்கியது. அதுவே குற்றமாகாது. சொந்த மண்ணின் சான்று அதைத் தாங்குகிறதா என்பதே கேள்வி.

தாங்கவில்லை. லாஸ்கோவில் பனிமானைத் தின்று குதிரையை வரைந்தார்கள். ஸ்பெயினின் அல்தமீராவில் செம்மானைத் தின்று கூரையில் காட்டெருமையை வரைந்தார்கள். 1994இல் கண்டறியப்பட்ட ஷோவே குகையில் முன்வரிசையில் நிற்பவை சிங்கம், மாமூத் யானை, காண்டாமிருகம். யாருடைய சட்டியிலும் அடிக்கடி வெந்த விலங்குகள் அல்ல அவை. உடம்பில் அம்போ ஈட்டியோ தைத்ததாகக் காட்டப்பட்ட விலங்குகள் மொத்தத்தில் மிகச் சில. பிரனீஸ் மலையடிவாரத்து நியோ குகை இதற்கு ஒரு விலக்கு. கொள்கையைக் காப்பாற்ற நினைப்பவர்கள், கிடைக்காத விலங்கைக் கிடைக்கச் செய்வதற்காகத்தான் வரைந்தார்கள் என்பார்கள். தின்றதை வரைந்திருந்தாலும் வேட்டை மந்திரம், தின்னாததை வரைந்திருந்தாலும் வேட்டை மந்திரம் என்றால், எந்த எலும்பாலும் தோற்கடிக்க முடியாத ஒன்று நம் கையில் இருக்கிறது. அப்படிப்பட்டது ஆய்வுக்கு உதவாது.

ப்ரய் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லெ த்ருவா ஃப்ரேர் குகையின் 'மந்திரவாதி' உலகப் புகழ் பெற்றவன்: மான்கொம்பு, ஆந்தைக் கண், மனிதக் கால். நம்மில் பெரும்பாலோர் பார்த்திருப்பது ப்ரய் வரைந்த பிரதியை. புகைப்படத்தில் அந்தக் கொம்புகள் அவ்வளவு தெளிவாக விழவில்லை. நேரில் போய்ப் பார்த்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜான் க்ளோத், கீறல்கள் இருக்கின்றன, ப்ரய் இட்டுக்கட்டவில்லை என்கிறார். இருக்கலாம். ஆனால் மூலத்துக்குப் பதிலாகப் பிரதியை வைத்துக்கொண்டே பல தலைமுறைகள் மதத்தின் பிறப்பைப் பற்றி எழுதித் தள்ளியதை எப்படி மன்னிப்பது?

அடுத்து வந்தவர் ஆந்த்ரே லெருவா-குர்ஹான். இவரிடம் எனக்கு மரியாதை அதிகம், முடிவுகளுக்காக அல்ல. தனித்தனி ஓவியமாகப் பார்ப்பதை நிறுத்தி, குகை முழுவதையும் ஒரே அமைப்பாக எடுத்துக்கொண்டு, எந்த விலங்கு எந்த இடத்தில், எதன் பக்கத்தில், எத்தனை முறை என்று எண்ணத் தொடங்கியவர் அவர். குதிரையும் காட்டெருமையும் மீண்டும் மீண்டும் இணையாக வருவதை அந்த எண்ணிக்கை காட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். குதிரை ஆண் தத்துவம், காட்டெருமை பெண் தத்துவம் என்று மேலே போனார். அதே காலத்தில், அதே குகைகளை, அதே போன்ற முறையில் ஆராய்ந்த அன்னெத் லாமிங்-எம்பெரேர் எதிர்த்திசையில் போனார்: குதிரை பெண், காட்டெருமை ஆண். இருவரும் கூர்மையான அறிஞர்கள். ஒரே சான்று இருவரையும் எதிரெதிர் முடிவுக்குக் கொண்டுபோகிறது என்றால், முடிவு சான்றிலிருந்து வரவில்லை என்றுதான் பொருள். இணை உண்மை, அதற்கு ஏற்றிய பால் கற்பனை. அவர் வகுத்த நான்கு நடைக் காலங்களும், எளிய கோட்டிலிருந்து செம்மையான ஓவியத்துக்கு மனிதன் படிப்படியாக ஏறினான் என்ற வரிசையும், ஷோவேயின் கரித்துண்டுகள் ஆய்வகத்துக்குப் போனதும் சரிந்தன. நிழலிட்டு, வேகம் காட்டி, ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிங்கங்களைப் பாயவிட்ட அந்தச் சுவர் லாஸ்கோவைவிடப் பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது என்று தெரியவந்தது.

ஷோவேயின் வயதை ஏற்காதவர்களும் உண்டு. நடையை வைத்துப் பார்த்தால் இவ்வளவு பழமையாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நான் மறுபக்கம் நிற்கிறேன். கரிக்காலக்கணிப்புகள் இருநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அது போக, குன்றின் முகம் சரிந்து குகை வாயிலை அடைத்தது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் என்று பாறை ஆய்வு தனியாகச் சொல்கிறது. அடைபட்ட குகைக்குள் பிற்காலத்தவர் போய் வரைந்திருக்க வழியில்லை.

மூன்றாவது கொள்கை இன்றும் உயிரோடிருக்கிறது, செல்வாக்கோடும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் தொடங்கி வைத்தது. 1996இல் க்ளோத்தும் அவரும் சேர்ந்து எழுதிய நூல் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது. அருள் வந்து மெய்ம்மறந்த நிலையில் மனித மூளை முதலில் புள்ளி, வளைகோடு, வலைக்கோடு போன்றவற்றைக் காணும், பிறகு அவற்றுக்கு உருவம் ஏற்றும், கடைசியில் விலங்காகவே மாறுவதாக உணரும், குகை ஓவியங்கள் இந்தக் காட்சிகளின் பதிவு, வரைந்தவர்கள் சாமியாடிகள். இதுதான் அந்த வாதம்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு வலுவான பின்புலம் உண்டு. 1870களில் கேப்டவுனில் வில்ஹெல்ம் ப்ளீக்கும் லூசி லாயிடும் சான் பழங்குடி மக்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதிய குறிப்பேடுகள் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நீளும். 1873இல் மலோட்டி மலையில் ஜோசப் ஆர்பன் என்ற அதிகாரிக்கு வழிகாட்டிப் போன கிங் என்ற சான் இளைஞர், பாறை ஓவியங்களின் எதிரிலேயே நின்று சில உருவங்களுக்கு விளக்கம் சொன்னார். டிராக்கன்ஸ்பெர்க் மலையின் ஓவியம் ஒன்றில் ஈலாண்ட் மான் ஒன்று கால் பின்னிச் சாகிறது. அதன் வாலைப் பிடித்தபடி நிற்கும் மனிதனும் கால் பின்னி நிற்கிறான். நள்ளிரவு ஆட்டத்தில் அருள் ஏறி மூக்கில் இரத்தம் வழிய விழுவதைச் 'சாவு' என்றே சான் மக்கள் சொல்வார்கள். படத்தையும் பேச்சையும் அருகருகே வைக்கும்போது ஒன்றை ஒன்று விளக்குவது கண்கூடு. இங்கும் ஓட்டை இல்லாமல் இல்லை: கேப்டவுனில் பேசியவர்கள் வடமேற்கின் வறண்ட நிலத்தவர், ஓவியங்கள் இருப்பதோ நெடுந்தொலைவில் கிழக்கு மலைகளில். என்றாலும் வரைந்த மரபைச் சேர்ந்த மனிதரின் வாய்மொழி என்ற ஒன்று இருக்கிறது. அது பெரிய விஷயம்.

ஐரோப்பாவில் அது இல்லை. அந்த இடத்தை நிரப்ப நரம்பியலைக் கொண்டுவந்தார்கள்: மூளை எங்கும் ஒன்றுதானே, ஆகவே காட்சியும் ஒன்றுதானே என்று. இதில் வாதம் சறுக்குகிறது. மூன்று நிலை அனுபவம் குறிப்பிட்ட சில போதைப் பொருள்களை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டது. உண்ணாநோன்பு, இருட்டு, இடைவிடாத தாளம் என்று வேறு வழிகளில் மெய்ம்மறப்பவர்கள் எல்லோரும் அந்த வரிசையில்தான் காண்கிறார்கள் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. மேலும் புள்ளியும் வளைகோடும் யார் கை வைத்தாலும் வரும் வடிவங்கள். நம் வாசல் கோலத்திலும் அவை உண்டு. அதற்காகக் கோலம் போடுகிறவருக்கு அருள் வந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. டிராக்கன்ஸ்பெர்க்கில் ஏறத்தாழ நிறுவப்பட்டது, லாஸ்கோவில் வெறும் ஊகம். ஒரே பெயர் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதால்தான் ஊகத்துக்கும் நிறுவியதன் மதிப்பு ஒட்டிக்கொள்கிறது.

கை அச்சுகளைப் பற்றிய வழக்கும் இதே மாதிரிதான் போகிறது. உள்ளங்கையைப் பாறையில் ஒட்டிவைத்து அதன்மேல் காவியை ஊதினால் கையின் வடிவம் வெறுமையாக நிற்கும். 2013இல் அமெரிக்கத் தொல்லியலாளர் டீன் ஸ்னோ, பிரான்சு, ஸ்பெயின் குகைகளின் 32 அச்சுகளை அளந்து, விரல் நீளங்களின் விகிதத்தை வைத்து அவற்றில் 24 பெண்களுடையவை என்றார். முதல் ஓவியர்கள் பெண்கள் என்று உலகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு டேல் கத்ரி என்ற உயிரியலாளர் கையளவுகளை ஆராய்ந்துவிட்டு, பெரும்பான்மை பதின்வயதுப் பையன்களின் கை என்று எழுதியிருந்தார். வளர்ந்த பெண்ணின் கையும் வளரும் பையனின் கையும் அளவில் ஒட்டி வருபவை. ஸ்னோவின் அளவுகோலே இன்றைய மனிதர்களிடம் வைத்துப் பார்த்தபோது நூற்றுக்கு அறுபது அளவில்தான் சரியாகச் சொன்னது. அன்றைய ஆண் பெண் கைகளுக்கிடையே வேறுபாடு கூடுதலாக இருந்தது, ஆகவே அங்கே அளவுகோல் பிழைக்காது என்கிறார். எது ஆண்கை, எது பெண்கை என்று முதலில் பிரித்தால்தானே வேறுபாடு கூடுதலா என்று தெரியும்? வட்டமடிக்கும் வாதம். இன்னொன்று: கையை வைத்தவரும் காவியை ஊதியவரும் ஒரே ஆள் என்பதற்கோ, அவரே பக்கத்துக் காட்டெருமையையும் வரைந்தவர் என்பதற்கோ சான்றில்லை. ஆண்களே வரைந்தார்கள் என்று அதுவரை எழுதிவந்தவர்கள் எந்த ஆதாரமும் இல்லாமல் எழுதினார்கள் என்பதை ஸ்னோ வெளிச்சம் போட்டுக் காட்டினார். அவருடைய உண்மையான வெற்றி அவ்வளவே, அது சிறியதும் இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, பாறை ஓவியத்திலிருந்து எதைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று கேட்பது நியாயம். நிறைய முடியும். ஓவியத்துக்கு வெளியே இருந்து இன்னொரு சாட்சி வந்து நிற்கும் இடத்தில் எல்லாம் முடியும்.

பெஷ் மெர்ல் குகையின் புள்ளிக் குதிரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளுடம்பில் கரும்புள்ளிகள், உடம்புக்கு வெளியேயும் புள்ளிகள். காட்டுக்குதிரைக்கு அப்படி நிறம் இருந்திருக்காது, ஆகவே இது குறியீடு, கனவு, மந்திரம் என்று பலர் எழுதினார்கள். 2011இல் பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுவைச் சோதித்தபோது, பழக்கப்படுத்துவதற்கு வெகு காலம் முன்பே மேற்கு ஐரோப்பாவின் காட்டுக்குதிரைகளில் புள்ளித்தோலுக்கான மரபணு இருந்தது தெரிந்தது. ஓவியர் பார்த்ததை வரைந்திருக்கக்கூடும். உடம்புக்கு வெளியே இருக்கும் புள்ளிகளுக்கு மரபணு விடை சொல்லாது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே குதிரைகளை மிஷேல் லோர்ப்லான்ஷே என்ற தொல்லியலாளர் வேறொரு குகைச் சுவரில், வாயில் நிறத்தை மென்று துப்பியே வரைந்து பார்த்தார். சுமார் 32 மணி நேரம் ஆயிற்று. அந்த மூச்சும் பொறுமையும் வேலைநேரமும் ஊகம் இல்லை. யாரோ செய்து பார்த்து அளந்தவை.

நாலுகால் விலங்கு நடக்கும்போது எந்தக் கால் எப்போது தரையில் இருக்கும் என்பது சொல்லத் தெரியாத சங்கதி. குதிரையோடு வாழ்ந்த பெரிய ஐரோப்பிய ஓவியர்களே தவறியிருக்கிறார்கள். 2012இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் ஆயிரம் ஓவியங்களையும் சிலைகளையும் எடுத்துச் சரிபார்த்தார்கள். புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் 1880களில் விலங்குகளின் நடையைப் படம்பிடித்துக் காட்டுவதற்கு முந்தைய நவீன ஓவியங்களில் பிழை 83.5 விழுக்காடு. அதன்பின் வந்தவற்றில் 57.9. கற்கால ஓவியங்களில் 46.2. விலங்கின் அசைவை நம்பி உயிர் வாழ்ந்தவரின் கண் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். வேட்டை மந்திரக்காரர்கள் தேடிய வேட்டைக்காரர் இங்கே கிடைக்கிறார், மந்திரம் இல்லாமல்.

லாஸ்கோவையே திரும்பப் பார்ப்போம். நொர்பேர் ஒஜூலா பல ஆண்டுகள் அந்தச் சுவர்களில் நிறம் எதன்மேல் எது படிந்திருக்கிறது என்று பார்த்தார். குதிரை முதலில், அதன்மேல் காட்டுமாடு, அதற்கும் மேல் ஆண்மான். இந்த வரிசை மாறவில்லை. குதிரையின் ரோமம் குளிர்காலம் முடிந்த பருவத்துக்கு உரியது, காட்டுமாட்டின் தோல் கோடைக்கு உரியது, மானின் கொம்பு இலையுதிர்காலத்துக்கு உரியது என்றார். நிற வரிசை ஐயத்துக்கு இடமில்லாதது. பருவம் பற்றிய வாசிப்பு பெரும்பாலும் ஏற்கத்தக்கது. அது உயிர்ச் சுழற்சியைப் பாடும் படைப்பு என்று அவர் அடுத்து எடுத்து வைக்கும் படிதான் கால் பாவாதது. மூன்றையும் ஒரே குரலில் சொல்லாமல் பிரித்துச் சொல்லும் பழக்கம் இந்தத் துறைக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

அந்தக் குகையின் வாழ்க்கையைப் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிந்தவை தரையிலிருந்து வந்தவை. கொழுப்பு ஊற்றி எரித்த கல் அகல்விளக்குகள், மாங்கனீசுக் கருநிறமும் செங்காவியும் அரைத்த கற்கள், முறுக்கிய கயிற்றின் மிச்சம். சுவரில் உயரத்தில் சாரம் கட்டிய துளைகளும் உண்டு. கொழுப்பு விளக்கு வெளிச்சத்தில் சாரத்தில் ஏறி நின்று, கீழே ஒருவர் அரைத்துக் கொடுக்க, மேலே ஒருவர் தீட்டியிருக்கிறார். திட்டமிட்ட கூட்டுவேலை. சுற்றுலாப் பயணிகளுக்கு வசதி செய்ய 1940களின் இறுதியில் அந்தத் தரையை வெட்டித் தாழ்த்தினார்கள். கால்தடங்கள் இருந்திருந்தால் மண்ணோடு போயிருக்கும். பயணிகளின் மூச்சால் சுவரில் பாசி படர்ந்து 1963இல் குகையை மூடியதைப் பற்றி எல்லோரும் வருந்தி எழுதுகிறார்கள். தரை போனதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

தரை தப்பிய இடத்தில் என்ன கிடைக்கிறது என்பதற்கு பிரனீஸ் அடிவாரத்துத் தூக் தோதுபேர் குகை சாட்சி. 1912இல் ஒரு பிரபுவின் மூன்று மகன்கள் கண்டுபிடித்தது. வெகு ஆழத்தில் களிமண்ணால் செய்த இரண்டு காட்டெருமைகள் பாறையில் சாய்ந்து நிற்கின்றன. பக்கத்துத் தாழ்வறையில் நூற்றுக்கு மேற்பட்ட குதிகால் தடங்கள். பாதம் முழுதும் பதியாமல் குதிகால் மட்டும் பதிந்திருப்பதால், இளைஞர்களைப் பெரியவர்களாக்கும் சடங்கின் நடனம் என்று நீண்ட காலம் எழுதப்பட்டது. 2013இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நமீபியாவிலிருந்து மூன்று சான் தடம்பார்ப்போரை அழைத்து வந்தார்கள். வேட்டையில் தடம் படிப்பது அவர்கள் தொழில். நாற்பதை நெருங்கிய ஓர் ஆள், ஒரு பதின்வயதுப் பையன். களிமண் எடுக்கும் குழிக்குப் போய் வந்திருக்கிறார்கள். நடனம் எதுவும் இல்லை என்று படித்துச் சொன்னார்கள்.

இதுவும் ஒரு வாசிப்புதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் எந்தத் தடத்தை வைத்துச் சொல்கிறோம், எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் சுட்டிச் சொன்ன வாசிப்பு. இன்னொருவர் வந்து மறுக்கலாம், மறுப்பதற்குப் பிடி இருக்கிறது. லூயிஸ்-வில்லியம்ஸ் காலத்தில் சான் மக்கள் ஐரோப்பியக் குகைக்குக் கொள்கையாக வந்தார்கள், இந்த முறை நிபுணர்களாக வந்தார்கள். எது அதிகம் விளக்கியது என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

ரூஃபின்யாக் குகையின் மெத்தென்ற சுவரிலும் கூரையிலும் விரலால் இழுத்த கோடுகள் கிடக்கின்றன. கெவின் ஷார்ப்பும் லெஸ்லி வான் கெல்டரும் மூன்று விரல்களின் அகலத்தை அளந்து, அவற்றில் சில சின்னஞ்சிறு குழந்தைகளுடையவை என்று 2006இல் காட்டினார்கள். குழந்தைக்கு எட்டாத கூரையிலும் அந்தக் கோடுகள் உண்டு. யாரோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஆண் பெண் குழப்பம் இங்கே அவ்வளவு தொல்லை தராது; ஐந்து வயது விரலை நாற்பது வயது விரலாக யாரும் மயங்க முடியாது. குகையின் இருட்டு சாமியாடிகளுக்கு மட்டும் உரிய கருவறை என்று எழுதியவர்கள் இந்தக் குழந்தைகளை எங்கே வைப்பார்கள்?

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவைச் சொல்லாமல் விட முடியாது. ஓவியத்தின்மேல் படிந்த சுண்ணப் படிவின் யுரேனியத்தை அளந்து, லியாங் கரம்புவாங் குகையின் பன்றியும் மனித வடிவங்களும் குறைந்தது 51,200 ஆண்டுகள் பழையவை என்று 2024இல் அறிவித்தார்கள். ஓவியக்கலை ஐரோப்பாவில் பிறந்தது என்ற நூறாண்டுப் பழங்கதை இதோடு முடிந்தது. அது கதை சொல்லும் ஓவியம் என்று அவர்கள் சொல்வதை மட்டும் எச்சரிக்கையோடு கேட்டுக்கொள்கிறேன். உருவங்கள் அருகருகே இருக்கின்றன; அவற்றுக்கிடையே நடப்பது என்ன என்பது பார்ப்பவரின் மனத்திலும் பாதி இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்தால், வரலாறு நமக்கு ஒரு முன்னோடியைக் கொடுத்து அவரை மறக்கவும் வைத்திருக்கிறது. அல்தமீராவின் ஓவியங்கள் 1879இல் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே, 1867-68இல், ஆர்ச்சிபால்ட் கார்லைல் மிர்சாபூர்ப் பக்கம் சோஹாகிகாட் என்ற இடத்தில் பாறை ஓவியங்களைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் தரையைத் தோண்டினார். கலையாத மண்ணில் நுண்கற்கருவிகளும் அவற்றோடு தேய்த்துப் பட்டையான காவிக்கல் துண்டுகளும் கிடந்தன. கருவிகளைச் செய்தவர்களே காவி தேய்த்து வரைந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். சுவரையும் தரையையும் சேர்த்துப் படித்த அந்த முறை அன்றைய ஐரோப்பாவில் இல்லை. அவர் குறிப்புகள் அச்சேறியது 1906இல்.

மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காவை 1957இல் தொல்லியலாளர் வி.எஸ். வாகண்கர் வெளிப்படுத்தினார். வாழ்க்கையைப் படம் பிடித்தது என்ற சொல் எங்காவது பொருந்தும் என்றால் இங்கே ஓரளவு பொருந்தும். ஐரோப்பியக் குகையில் அரிதாகவே காணும் மனிதர்கள் இங்கே கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்: ஆடுகிறார்கள், வில் வளைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், சுமை தூக்குகிறார்கள், பிந்தைய அடுக்குகளில் குதிரை ஏறி வாளோடு போகிறார்கள். கேள்வி, எந்தக் காலத்து வாழ்க்கை என்பது. பச்சை நிற ஆட்ட உருவங்களை வாகண்கர் பழைய கற்காலத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வோர் உருவமாகப் படியெடுத்து ஆராய்ந்த யசோதர் மட்பால் இடைக்கற்காலத்துக்கு மேலே போக மறுத்தார். இடைக்கற்காலத்திலிருந்து வரலாற்றுக் காலம் வரை என்கிறது யுனெஸ்கோ, அதுவும் 'தோன்றுகிறது' என்ற அடக்கத்தோடு. நான் மட்பால் பக்கம். முப்பதாயிரம், லட்சம் என்று எண்களை அடுக்கும் பலகைகளுக்கு ஓவியத்திலிருந்து ஆதாரம் இல்லை. தரையில் கிடைத்த பழங்கருவிகளின் வயதைச் சுவருக்குத் தூக்கி மாட்டுகிறார்கள். தரையையும் சுவரையும் சேர்த்துப் படிப்பதென்றால், கார்லைலின் காவிக்கல் மாதிரி இரண்டையும் கட்டும் பொருள் ஒன்று வேண்டும்.

2003இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, சுற்றியுள்ள 21 கிராமங்களின் பண்பாடு ஓவியங்களில் உள்ளதை வலுவாக ஒத்திருக்கிறது என்று யுனெஸ்கோ எழுதியது. கை கோத்து ஆடுவதும் தேன் எடுப்பதும் மலைக்காட்டில் எங்கும் உண்டு. ஒற்றுமை வேறு, தொடர்ச்சி வேறு. கிங் என்ற இளைஞர் ஓவியத்தின் எதிரே நின்று பேசியது போன்ற சான்றை இந்த ஒற்றுமைக்கு ஈடாக வைக்க முடியாது. பாறையில் காண விரும்புவதைக் காண்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பீம்பேட்காவே ஒரு வேடிக்கையான சாட்சியும் தந்திருக்கிறது: 2021இல் அதன் கூரையில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உயிரினப் புதைபடிவம் என்று புவியியலாளர்கள் அறிவித்தது, 2023இல் வேறொரு குழு போய்ப் பார்த்தபோது உதிர்ந்துகொண்டிருந்த தேன்கூட்டின் அடையாளமாக முடிந்தது.

தமிழ்நாட்டின் விழுப்புரத்துக் கீழ்வாலையும் நீலகிரியின் கரிக்கியூரும் இதே தராசில்தான் ஏற வேண்டும். கீழ்வாலையின் செந்நிறக் குறிகளைச் சிந்துவெளி எழுத்தோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. காலம் கணிக்காத ஓவியத்தை, படிக்கப்படாத எழுத்தோடு, வடிவ ஒற்றுமையை மட்டும் வைத்து இணைப்பது லெருவா-குர்ஹானின் குதிரையைவிடவும் பலவீனமான கட்டு. பெருமைக்காக நாம் அதை ஏற்க வேண்டியதில்லை. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் இன்றும் ஓவியம் தீட்டும் குறும்பர்கள் அருகிலுள்ள எழுத்துப்பாறையைத் தம் முன்னோருடன் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை உடனே உண்மை என்று எழுதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். 1870களில் லூசி லாயிடு செய்ததுபோல் அவர்கள் மொழியிலேயே, சொல் விடாமல் எழுதி வைக்க வேண்டும். ஐரோப்பாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

என் தீர்ப்பு இது. பாறை ஓவியம் தன்னந்தனியாக ஆதிமனிதரின் உணவையோ சமயத்தையோ ஆண் பெண் பங்கையோ சொல்லும் சாட்சி ஆகாது. சொல்ல வைத்தவர்கள் எல்லோரும் தம் காலத்தின் கொள்கையைத்தான் சுவரில் படித்தார்கள். கண்ணின் கூர்மை, கையின் தேர்ச்சி, நிறம் அரைக்கும் அறிவு, கூட்டுவேலை, குழந்தைகளின் இருப்பு ஆகியவற்றுக்கு, எலும்பும் கரியும் தடமும் துணைநின்றால், அதைவிட நல்ல சாட்சி இல்லை. மந்திரக் கொள்கையும் பால் தத்துவமும் தள்ளுபடி. சாமியாடிக் கொள்கை தென்னாப்பிரிக்காவில் நிற்கும், ஐரோப்பாவில் நிரூபணமில்லை.

ஆகவே ஓவியப் பாறைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறம் துலங்கட்டும் என்று தண்ணீர் ஊற்றாதீர்கள், படம் தெளிவாக விழட்டும் என்று சாக்பீஸால் கோடிழுக்காதீர்கள். காலடியில் கிடக்கும் கற்சில்லையும் காவித் துண்டையும் நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். அதைக் கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தோடு படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.